இடைக்கால இருட்டில் ஒரு போக்கிமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரினங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, மோதவிட்டுச் சேகரிக்கும் விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போக்கிமான். அதே விளையாட்டு 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாளாக யோசித்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். விளையாட்டு இன்னும் உருவாகவில்லை, நோட்டு மட்டும்தான் இருக்கிறது. நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

இருட்டு என்றால் என்ன? ரத்தமும் மண்டையோடுமா?

அதெல்லாம் போக்கிமானிலேயே போதுமான அளவு இருக்கிறது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டிலேயே வந்த கியூபோன் என்ற குட்டி, செத்துப்போன தன் தாயின் மண்டையோட்டை மாட்டிக்கொண்டு திரிகிறது. லாவெண்டர் டவுனில் இறந்த போக்கிமான்களுக்கென்றே ஏழு மாடிக் கல்லறைக் கோபுரம் உண்டு. பிற்பாடு வந்த டிரிஃப்லூன், குழந்தைகளின் கையைப் பிடித்து எங்கோ இழுத்துப்போகப் பார்க்கும் பலூன்.

எனக்கு வேண்டிய இருட்டு வேறு. ஓர் உயிரைப் பிடித்து வைத்திருக்க என்ன செலவாகிறது, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை மறைக்காத விளையாட்டு வேண்டும். போக்கிமானில் பிடித்த மிருகத்தை ஒரு சிறு பந்துக்குள் அடைத்துவிடலாம். பந்துக்குள் போட்ட மிருகத்துக்குப் பசிக்காது. அது சாணி போடாது, இரவில் கத்தாது. அந்தப் பந்தை மட்டும் எடுத்துவிடுங்கள், இருட்டு தானாக வந்து சேரும்.

சரி, கதை எங்கே, எப்போது நடக்கிறது?

லண்டன் கோபுரத்தில், 1252 முதல் 1257 வரை. மூன்றாம் ஹென்றியின் ஆட்சிக்காலம். அரசரின் மிருகக் கொட்டிலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த 12 வயதுப் பிள்ளை நீங்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கே உண்மையிலேயே ஒரு சேகரிப்பு நடந்துகொண்டிருந்தது. 1235-ல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் மூன்று சிறுத்தைகளை ஹென்றிக்குப் பரிசாக அனுப்பினார். 1252-ல் நார்வேயிலிருந்து ஒரு வெள்ளைக் கரடி வந்தது. அதன் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 4 பென்ஸ் கொடுக்கும்படி லண்டன் ஷெரீஃபுகளுக்கு உத்தரவு போனது. வாய்க்கட்டும் இரும்புச் சங்கிலியும், தேம்ஸ் ஆற்றில் அது மீன் பிடிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு நீளமான தடித்த கயிறும் அவர்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். 1255-ல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயியிடமிருந்து ஒரு யானை வந்தது.

விளையாட்டின் முதல் வேலையே அந்தக் கயிற்றைப் பிடிப்பதுதான். இரண்டே பொத்தான்கள், ஒன்று இறுக்க, மற்றொன்று தளர்த்த. தண்ணீரில் ஊறிய கயிறு கனக்கிறது. அதிகம் இறுக்கினால் கரடிக்கு மீன் கிடைக்காது. தளர்த்திக்கொண்டே போனால் அது எதிர்க்கரை ஏறிவிடும். சிறிது நேரம் கழித்து வாயில் மீனோடு தலையைத் தூக்கி, மூக்கிலிருந்து தண்ணீரை ஊதிக்கொண்டு நீந்தும். கொட்டிலில் நாள் முழுக்க ஒரே இடத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த மிருகமா இது என்று தோன்றும். அப்புறம் அதை இழுத்துக் கரையேற்றிச் சங்கிலியில் மாட்டுவது நீங்கள்தான். அந்த வேலையை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.

பந்து இல்லாமல் எப்படிப் பிடிப்பது?

பிடிப்பது சுலபம், வலை போதும். பழக்குவதுதான் விளையாட்டு. இதற்கு நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது வேட்டைக்கு வல்லூறு பழக்கும் முறை. அந்தக் கலையைப் பற்றி மேலே சொன்ன ஃபிரெடெரிக்கே ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார்.

புதிதாகப் பிடித்த பறவையின் கீழ் இமைகளில் ஊசியால் நூல் கோத்து, மேலே இழுத்து, தலைக்கு மேல் முடிந்து கண்ணை மூடிவிடுவார்கள். பார்வை போனதும் படபடப்பு குறையும். காலில் தோல்வார் கட்டி, கையுறை போட்ட கையில் உட்காரவைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார்கள். பறவையையும் தூங்கவிடமாட்டார்கள். பறவை சலிப்பிலும் பசியிலும் கையிலிருக்கும் இறைச்சியைக் கொத்தும்வரை இது நடக்கும். பிறகு நாள் செல்லச் செல்ல நூலைத் தளர்த்துவார்கள்.

என் விளையாட்டில் இது ஒரு முழு இரவு. மெழுகுவர்த்தி உருகுவதுதான் கடிகாரம். கை தாழ்ந்தால் பறவை இறக்கையடித்துத் தொங்கும். நீங்கள் கண்ணயர்ந்தால் அதுவும் அயரும், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இமையைத் தைக்காமலும் பழக்கலாம். தலைக்குல்லா மாட்டிக் கண்ணை மறைக்கும் முறையை ஃபிரெடெரிக் அரேபியர்களிடமிருந்து கற்றுக்கொண்டு பாராட்டி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் குல்லாவை உங்கள் ஊர்த் தோல்காரருக்குச் செய்யத் தெரியாது. தெரிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், காசும் வேண்டும். ஊசியும் நூலும் மட்டும் எப்போதும் பையில் இருக்கும். அவசரத்தில் எதை எடுப்பீர்கள் என்பதை விளையாட்டு சும்மா கவனித்துக்கொண்டிருக்கும்.

போக்கிடெக்ஸ், அதாவது பிடித்த உயிரினங்களின் விவரங்களைப் பதிந்துவைக்கும் ஏடு, உண்டா?

உண்டு. இந்த யோசனை முழுக்க அதிலிருந்துதான் கிளம்பியது.

இடைக்கால ஐரோப்பாவில் மிருகநூல் என்று ஒரு வகைப் புத்தகம் இருந்தது. ஒரு மிருகத்தின் படம், அதன் குணம், அதிலிருந்து ஒரு கிறிஸ்தவப் போதனை. இப்படியே சிங்கத்திலிருந்து எறும்பு வரை போகும். இவற்றுக்கெல்லாம் மூலம், கிறிஸ்துவுக்குப் பின் முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூல். 1200-ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுதப்பட்ட அழகான பிரதி ஒன்று அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் சில படங்களின் ஓரங்களில் ஊசியால் குத்திய துளைகள் தெரியும். துளைவழியே கரித்தூள் தட்டி, அதே உருவத்தை அடுத்த புத்தகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதாவது மிருகத்தைப் பார்த்து வரைவதில்லை, படத்தைப் பார்த்துத்தான் படம்.

அதனால் தவறுகளும் அப்படியே வந்தன. யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது, அதனால் படுத்தால் எழ முடியாது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும், வேடர்கள் மரத்தைப் பாதி அறுத்து வைத்தால் யானை சாய்ந்து விழுந்து மாட்டிக்கொள்ளும் என்று மிருகநூல்கள் சொல்லின. கோயில் யானை முன்காலை மடித்துப் பாகனை ஏற்றிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் யானையையே பார்க்காத ஒரு நாட்டில், பார்த்தவர்களைவிடப் புத்தகத்துக்கு மரியாதை அதிகம்.

என் விளையாட்டில் தொடக்கத்திலேயே புத்தகம் உங்கள் கையில் கொடுக்கப்படும். எல்லாப் பக்கமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், பாதி தவறாக. உங்கள் வேலை அதைத் திருத்துவது. திருத்தவும் சும்மா முடியாது. பக்கம் என்பது கன்றுத்தோல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிய தோல். கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மை, நம் பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயிலிருந்து வருகிறது. ஓக் மரத்தில் ஒரு குளவி முட்டையிடும்போது உண்டாகும் புடைப்புதான் அந்தக் காய். அதை நசுக்கி, அன்னபேதியும் கருவேலம் பிசினும் சேர்த்தால் மை. எழுதுகோல் வாத்தின் இறகு. ஒரு மிருகத்தைப் பற்றி ஓர் உண்மையை எழுத ஒரு கன்று, ஒரு குளவிக்கூடு, ஒரு வாத்து. தோல் தீர்ந்தால் பழைய பக்கம் ஒன்றைச் சுரண்டி அழித்து அதன்மேல் எழுத வேண்டும். எந்த மிருகத்தை அழிப்பது என்பதும் உங்கள் முடிவுதான்.

பரிணாமம், அதாவது ஒன்று வளர்ந்து இன்னொன்றாக மாறுவது, அந்தக் காலத்தில் எப்படிச் சரிவரும்?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் அந்தக் கால மக்கள் அதையே உண்மை என்று நம்பினார்கள். கரடிக்குட்டி உருவமே இல்லாத சதைப் பிண்டமாகப் பிறக்கும், தாய் நக்கி நக்கித்தான் அதற்குக் கண், மூக்கு, கால் எல்லாம் வரவைக்கும் என்பார்கள். சிங்கக்குட்டி செத்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தை வந்து முகத்தில் ஊதினால் உயிர் வரும். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும். சேவல் இட்ட முட்டையைத் தேரை அடைகாத்தால் பசிலிஸ்க், அதாவது பார்வையாலேயே கொல்லும் பாம்பு, பொரிந்து வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே கொட்டலசு வாத்து. கடலில் மிதந்துவரும் மரத்துண்டுகளில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் சிப்பி போன்ற உயிர்களைக் கொட்டலசு என்போம். ஒருவகை வாத்து அதற்குள்ளிருந்து பிறக்கிறது என்று நம்பினார்கள். அயர்லாந்துக்குப் போய்வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், 1188 வாக்கில் எழுதிய நூலில் தன் கண்ணாலேயே அதைப் பார்த்ததாகச் சொல்கிறார். அங்கே சில பாதிரிமார் அது இறைச்சியில் சேராது என்று சொல்லி விரதநாளில் சாப்பிட்டார்கள் என்றும் எழுதுகிறார். ஃபிரெடெரிக் அந்த மரத்துண்டுகளை வடக்கிலிருந்து வரவழைத்துச் சிப்பிகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பறவை மாதிரி எதுவுமே இல்லை. அந்த வாத்துகள் யாரும் போகாத தொலைதூர இடத்தில் கூடு கட்டுகின்றன, அதை யாரும் பார்க்காததால் இந்தக் கதை வந்தது என்று எழுதினார். அவர் சொன்னது சரி. ஆர்க்டிக் பாறைகளில்தான் அவை முட்டையிடுகின்றன.

விளையாட்டில் உங்களிடம் ஒரு கொட்டலசுத் துண்டு இருக்கும். புத்தகம் சொல்கிறபடி காத்திருக்கலாம். காத்திருந்தால் அது நாறும், அவ்வளவுதான். ஆனால் அரண்மனைக்கு ஒரு வாத்து தேவைப்படுகிறது, கேட்பவர் பெரிய மனிதர். ஒரு வாத்தைத் திருடிக் கொண்டுவந்து "இதோ பொரிந்துவிட்டது" என்று சொல்லவும் உங்களுக்கு வழி உண்டு. சொன்னால் அந்தப் பொய்யும் புத்தகத்தில் ஏறும், உங்கள் கையெழுத்திலேயே.

தீ, நீர், புல் என்று வகை பிரிப்பது இருக்குமா?

நான்கு பூதங்கள்: நெருப்பு சூடும் வறட்சியும், காற்று சூடும் ஈரமும், நீர் குளிர்ச்சியும் ஈரமும், மண் குளிர்ச்சியும் வறட்சியும். உடலுக்குள் இவை மஞ்சள் பித்தம், ரத்தம், கபம், கரும்பித்தம் என்று நிற்கும். வாத பித்த கபம் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அதற்கு மேல் தனிப் பகைகள் உண்டு: சிங்கம் வெள்ளைச் சேவலுக்குப் பயப்படும். பசிலிஸ்க்கைக் கீரி மாதிரி இருக்கும் வீசல் கொன்றுவிடும். சிறுத்தையின் நறுமண மூச்சுக்கு டிராகன் மட்டும் ஓடி ஒளியும்.

இவற்றில் எது உண்மையில் வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லமாட்டேன். வெள்ளைச் சேவலைத் தூக்கிக்கொண்டு சிங்கத்தின் கூண்டுக்குள் போகிறவர்தான் தெரிந்துகொள்வார்.

எல்லாம் நிஜ மிருகங்கள்தானா? கற்பனை மிருகமே இல்லையா?

புத்தகத்தில் இருக்கும், கொட்டிலில் இருக்காது. துரத்துபவர்கள்மேல் தகிக்கும் சாணியைப் பீய்ச்சியடிக்கும் பொனகான் உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்த்தால் பிழைப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டால் சாவார் என்று சொல்லும் வெள்ளைப் பறவை கலாட்ரியஸ் உண்டு. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட மாண்டிகோர் உண்டு. பாரசீக அரசவையில் இருந்த கிரேக்க மருத்துவர் ஒருவர் அது இந்தியாவில் இருப்பதாக எழுதிவைத்தார். இவற்றைத் தேடிச் சொல்லும்படி ஆட்களை அனுப்பலாம். அவர்கள் எதையாவது கொண்டுவருவார்கள். அது என்ன என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்.

சண்டை? வென்றால் பேட்ஜ் கொடுக்கும் ஜிம்கள், அதாவது போக்கிமான் சண்டைக்கூடங்கள்?

சண்டை உண்டு, பேட்ஜ் இல்லை. 1170களில் லண்டனைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன், தவக்காலத்துக்கு முந்தைய திருநாளில் பள்ளிப்பிள்ளைகள் தங்கள் சண்டைச் சேவல்களை ஆசிரியரிடம் கொண்டுவருவதையும், காலை முழுவதும் வகுப்பிலேயே சேவற்சண்டை நடப்பதையும் விவரிக்கிறார். பத்து வயதுப் பையன் தன் உயிரினத்தோடு வந்து மோதவிடுகிறான், பெரியவர் நடுவில் நிற்கிறார். போக்கிமானின் காட்சி அப்படியே இருக்கிறது. ஒரே வித்தியாசம், போக்கிமானில் தோற்ற உயிர் மயக்கம் போட்டுத்தான் விழும், அந்த வசதி அங்கே இல்லை.

யார் வேண்டுமானாலும் காட்டில் போய்ப் பிடிக்கலாமா?

கூடாது. இதுதான் விளையாட்டின் உண்மையான வில்லன். நார்மன் அரசர்கள் பெரும் நிலப்பரப்புகளை அரச வனம் என்று அறிவித்தார்கள். முதலாம் வில்லியம் காலத்தில் மான் கொன்றவனுக்குக் கண் போனது. 1217-ல் வந்த வனச் சாசனம், மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது. அபராதம் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் ஓராண்டும் ஒரு நாளும் சிறை. ஆனால் வனத்துக்குள் வாழ்பவர்களின் நாய்கள் மானைத் துரத்தக் கூடாது என்பதற்காக முன்காலில் மூன்று நகங்களை வெட்டும் வழக்கத்தை அதே சாசனம் முறைப்படுத்தித் தொடரவிட்டது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வும் நடக்கும்.

உங்கள் வீட்டு நாய்தான் விளையாட்டில் உங்களோடு கடைசிவரை வருகிற துணை. இரண்டாம் அத்தியாயத்தில் ஆய்வுக்காரர் வருகிறார். ஒரு மரக்கட்டை, ஓர் உளி, ஒரு சுத்தியல். நாயின் காலைக் கட்டைமேல் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடித்துக்கொள்ளும் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டும். இந்தக் காட்சியைத் தவிர்க்கும் வழி ஒன்றை வைக்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். வழி உண்டு: நாயை ஒளித்துவைக்கலாம். பிறகு அது குரைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்று ஆண்டுகளுக்கு.

நம் மிருகம் ஆளைக் கொன்றுவிட்டால்?

நீதிமன்றத்துக்குப் போகும், மிருகமே குற்றவாளியாக. 1266-ல் பாரிஸ் அருகே ஃபோன்தெனே-ஓ-ரோஸ் என்ற ஊரில் ஒரு பன்றியை எரித்தார்கள். 1457-ல் பர்கண்டியின் சாவிஞி ஊரில் ஒரு சிறுவனைக் கொன்ற தாய்ப்பன்றிக்குத் தூக்கு. அதன் ஆறு குட்டிகள்மீதும் ரத்தம் இருந்தது, ஆனால் கொன்றதற்குச் சாட்சி இல்லை என்று தப்பின. 1474-ல் பாஸல் நகரில் முட்டையிட்டதாக ஒரு சேவலை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். பசிலிஸ்க் பயம்தான் காரணம். மூன்றுமே என் கதைக்காலத்துக்குப் பிந்தியவை, ஆனாலும் அந்தச் சேவல் வழக்கை நான் விடப்போவதில்லை. புத்தகத்தின் பசிலிஸ்க் பக்கத்தை நீங்கள் முன்பே திருத்தியிருந்தால் அந்தச் சேவல் பிழைக்கும்.

இறந்த மிருகத்துக்கு என்ன செய்வது?

தோலை விற்கலாம், பக்கமாக்கலாம், புதைக்கலாம். புதைத்தால் விளையாட்டில் எந்தப் பலனும் கிடைக்காது. இதை எழுதும்போது எனக்கு விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் நினைவுக்கு வந்தது. சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு நட்ட நடுகல் அங்கே கிடைத்திருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமையான கல், சேவலின் உருவம், முகையூரின் மேற்சேரிக் கோழி என்று எழுத்து. லண்டன் கதைக்குள் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் புதைத்த இடத்தில் கல் நடும் வசதி ஒன்றை விளையாட்டில் வைத்தேன், அந்தச் சேவலுக்காக.

போக்கிமானே பழைய காலத்துக்குப் போய்விட்டதே?

ஆமாம். 2022 ஜனவரியில் வந்த லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ், மக்கள் போக்கிமான்களுக்குப் பயந்து வேலிக்குள் வாழும் காலத்தைக் காட்டுகிறது. அந்தப் பயம் எனக்கு ரொம்பவும் பிடித்தது. ஆனால் அதிலும் பந்து இருக்கிறது.

போக்கிமானை நான் மட்டம்தட்டவில்லை. அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோவின் மச்சிதா பகுதியில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடமானபோது, அந்தச் சந்தோஷம் மற்ற பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பூச்சி பிடித்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். தீப்பெட்டியில் போட்ட பொன்வண்டு காலையில் அசையாமல் கிடக்கும். அந்தக் காலைப்பொழுதைத்தான் நான் விளையாட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன்.

எப்படி முடிகிறது?

1255-ல் யானை வருகிறது. சாண்ட்விச் துறைமுகத்திலிருந்து வழிநெடுக மக்கள் கூடிப் பார்க்கிறார்கள். கோபுரத்தில் அதற்கு 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் ஒரு வீடு கட்ட அரசர் உத்தரவிடுகிறார். துறவி மேத்யூ பாரிஸ் வந்து அதை நேரில் பார்த்து வரைகிறார். அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் பாகனையும் சேர்த்து வரைகிறார். கொட்டிலைப் பெருக்கிக்கொண்டு நீங்கள் அருகில் நிற்கிறீர்கள். அவர் வரைந்த காலில் மூட்டு இருக்கிறது.

1257-ல் யானை இறந்துவிடுகிறது. இதை மாற்றும் வழி எதையும் விளையாட்டில் வைக்கவில்லை. அன்று இரவு புத்தகத்தைத் திறக்கிறீர்கள். யானைப் பக்கத்தில் பழைய படம், தூண்கள் மாதிரி நான்கு கால்கள், சாய்ந்த மரம். கத்தியால் சுரண்ட வேண்டும், தோல் மெலிந்துவிட்டது, அழுத்தினால் கிழியும். மாசிக்காய் மை முதலில் வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுத்தான் கறுக்கும். நீங்கள் எழுதும் வரி: மடங்கும். படுக்கும். எழும்.